சேவல் வழக்கில் என் தீர்ப்பு

போஹோல்,
பிலிப்பைன்ஸ்,
9 மே 1988

அன்புத் தங்கை பெலிங்குக்கு,

நீதிமானுக்கு முதல் தகுதி கெட்டியான வயிறு. எனக்கு அது வாய்க்கவில்லை. ஊர்ப் பஞ்சாயத்தின் நடுவே உன் அண்ணன் கக்கூஸுக்கு ஓடினான், வாசலைக்கூடத் தாண்டவில்லை. சிரித்துத் தொலை. முந்தின நாள் சேவல் சண்டையில் ஊர்த்தலைவர் ஜெயித்தார். தோற்ற சேவல் ஜெயித்தவர் சட்டிக்குத்தானே? குழம்பு வைத்துப் பஞ்சாயத்தாருக்கெல்லாம் ஆளுக்கொரு கிண்ணம் அனுப்பினார். செருப்புத் தோல் மாதிரிக் கறி. விட்டேனா?

வழக்கு உன் வீட்டுக்காரர்மேல்தான். உங்கள் பக்கத்து வீட்டு டென்சியோவின் சிவப்புச் சேவலைக் காணோம். இடது காலில் ஒரு விரல் இல்லாததே, அது. உங்கள் கொல்லையில் சிவப்பு இறகு கிடந்ததாம்.

"நான் தொடக்கூட இல்ல மச்சான்" என்றான் இஸ்கோ.

"அப்போ இறகு தானா நடந்து வந்துச்சாடா?" என்றார் தலைவர். ஒரே சிரிப்பு.

சொந்த மச்சானுக்கு இரங்கினால் ஊர் என்ன பேசும்? தண்டனையை நானே கூட்டினேன்: ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் இறகு மாலையோடு நின்று மன்னிப்புக் கேட்கவேண்டும். மாலை என் கைவண்ணம். அழகாகவே வந்தது.

உன் அண்ணன்,
குலாஸ்

ஹாங்காங்,
24 மே

அன்புள்ள அண்ணா,

எஜமானியம்மா வீட்டுக் குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படித்தேன். சிரிப்பு வரவில்லை. வேற்று ஆளாக இருந்தால் இன்னொரு தடவை விசாரித்திருப்பீர்கள். உங்கள் நேர்மையைக் காட்ட அவர் கழுத்துதான் கிடைத்ததா? "தலைநிமிர முடியாத ஊர்ல இருக்கமாட்டேன்" என்று எழுதியிருக்கிறார். தீர்ப்பை மாற்றுங்கள் அண்ணா. நான் திரும்பி வர ஒரு வீடு வேண்டும்.

பெலிங்

போஹோல்,
11 ஜூன்

அருமைத் தங்கைக்கு,

அழாமல் யோசி. டென்சியோ பெண்டாட்டி ஒப்பாரியை நிறுத்திவிட்டாள். கோழித் திருட்டு நின்றுவிட்டது. ஊரே நிம்மதியாகத் தூங்குகிறது. இத்தனைக்கும் விலை ஒருத்தன் வெட்கம் என்றால், மலிவுதானே? இஸ்கோவின் சவாரி வண்டியில் யாரும் ஏறுவதில்லை, உண்மைதான். அவன் போனால் பிள்ளைகள் சேவல் மாதிரிக் கூவுகின்றன. நானும் ஒரு தடவை கூவிப்பார்த்தேன். எனக்குத்தான் கைதட்டல்.

குலாஸ்

ஹாங்காங்,
2 ஜூலை

திரு. குலாஸ் அவர்களுக்கு,

இஸ்கோ மிண்டனாவோ தீவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். எந்த ஊர் என்றுகூட எனக்குச் சொல்லவில்லை. பஞ்சாயத்துக்காரரின் தங்கையோடு வாழ முடியாதாம். இனி எனக்கு எழுதாதீர்கள்.

பெலிங்

போஹோல்,
18 டிசம்பர்

அன்புத் தங்கை பெலிங்குக்கு,

என் கடிதங்கள் பிரிக்காமலே திரும்பி வருகின்றன. இதையாவது பிரி, சுவையான சங்கதி இருக்கிறது. டென்சியோ கள் போதையில் உளறிவிட்டான். சேவலைச் சண்டையில் தலைவரிடம் அவனேதான் தோற்றானாம். பெண்டாட்டிக்குப் பயந்து திருட்டு என்றானாம். தலைவரைக் கேட்டேன். "விடுய்யா, முடிஞ்ச கதை" என்றார்.

நான் என்ன செய்ய? பஞ்சாயத்து கண்ணுக்கு எதிரே இருக்கும் சாட்சியத்தைத்தான் பார்க்கும். எனக்கு எப்படித் தெரியும், சொல்?

கிறிஸ்துமஸுக்கு வருவாய்தானே? உன் வீட்டைப் பெருக்கி வைத்திருக்கிறேன்.

என்றும் உன் அண்ணன்,
குலாஸ்

பி.கு.: அன்று என் கிண்ணத்தில் விழுந்தது இடது கால். விரல் மூன்றுதான் இருந்தது.