அம்மாவின் இடது கால்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும். என் சர்க்கரை சொன்ன பேச்சைக் கேட்கிறது, தையல் மெஷினுக்குப் புது பெல்ட் போட்டாயிற்று, இதெல்லாம் கிடக்கட்டும். உன் அம்மா மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். ஐம்பத்து நான்கு வயதில்! மூன்று நாளாக எனக்கு ஊசியில் நூல் கோக்க ஓடவில்லை, எழுந்து எழுந்து போய் அவளைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

எதற்கு இதெல்லாம் என்று கேட்பாய். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வரும் வேலையைப் பதினாறு வருடம் பஸ்ஸிலும் நடந்துமே பார்த்தாள். லேபுக்குப் புதிதாக வந்த மேனேஜர், உன் வயதுகூட இருக்காது, "ஒண்ணாம் தேதியிலேர்ந்து எல்லாருக்கும் லேப் பைக்தான், ஓட்டத் தெரியாதவங்க உள்ள உக்காந்து பாட்டில் கழுவலாம்" என்று சொல்லிவிட்டான். நரம்பே தெரியாத கையிலும் ஒரே குத்தில் ரத்தம் எடுக்கிறவளுக்குப் பாட்டில் கழுவும் வேலை! போய் அவன் சட்டையைப் பிடிக்கலாம் என்று நான் குதித்தபோது அம்மா சாப்பிட்டுக்கொண்டே "எனக்குத்தான் ஓட்டத் தெரியுமே" என்றாள். உனக்கு இது தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் உன் மாமாவின் மோட்டார் சைக்கிளில் முட்டை அட்டைகளைக் கட்டிக்கொண்டு கடை கடையாகப் போட்டு வந்தவள் அவள், லைசென்ஸ் எல்லாம் கிடையாது. கல்யாணமான வாரமே "ஊர் சிரிக்கும், விட்டுடு" என்று நான்தான் சொன்னேன். ஊர் சிரித்ததே இல்லை. என்னைவிட நன்றாக ஓட்டினாள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

டிரைவிங் ஸ்கூல் வாத்தியாரை மீசை என்பார்கள். அவர் முதல் நாளே "அக்கா, உங்களுக்குச் சொல்லிக்குடுக்க என்கிட்ட என்ன இருக்கு" என்று கையை விரித்துவிட்டார். நான் அம்மாவுக்குப் பேண்ட் தைத்துக் கொடுத்தேன். ஊருக்கெல்லாம் அளவெடுத்தவன் இருபத்தொன்பது வருடத்தில் அவள் கால் நீளத்தை அன்றுதான் அளந்தேன். டெஸ்டில் எட்டை அழகாகப் போட்டாள், கடைசியில் கோட்டில் நிறுத்தும்போது இடது காலை ஓங்கி மிதித்தாள், வண்டி நிற்காமல் உறுமிக்கொண்டு கோட்டைத் தாண்டி ஆபீசரின் மேசைக்கு முன்னால் போய் நின்றது. அவர் "பேரப்பிள்ளையைக் கொஞ்சுற வயசுல ஏம்மா இதெல்லாம்" என்று சிரித்தார், வரிசையில் நின்றவர்களும் கூடச் சிரித்தார்கள். ஆபீசருடையது சம்பளம் வாங்கிக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. மீசைக்குத்தான் விஷயம் விளங்கியது. மாமாவின் அந்தப் பழைய வண்டியில் பிரேக் இடது காலில், கியர் வலது காலில். இப்போது எல்லாம் தலைகீழ். அதைக் கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது மகளே. நான் விடச் சொன்ன பிறகு அவள் வாய் ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. கால் விடவில்லை. என் வீட்டுச் சமையலறைக்கும் கிணற்றடிக்கும் நடந்துகொண்டே அந்தக் கால் தன் பாட்டுக்கு ஒரு வண்டியை வைத்துக் காப்பாற்றியிருக்கிறது.

மறு டெஸ்டுக்கு ஒன்பது நாள், அதையும் விட்டால் பாட்டில்தான். ஆபீஸ் வாசலில் ஒரு புரோக்கர் "கொஞ்சம் கவனிச்சா எட்டே போட வேணாம்" என்று குழைந்தான், அம்மா "நடுரோட்டுல பிரேக்கையும் நீயே வந்து மிதிப்பியா" என்று கேட்டதும் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டான். வீட்டில் என் மெஷினுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து காலடியில் இரண்டு செங்கல் வைத்துக்கொண்டாள். நான் தைத்துக்கொண்டே நினைத்த நேரம் "நில்லு" என்று கத்த வேண்டும், அவள் வலது செங்கலை மிதிக்க வேண்டும். அளவு கொடுக்க வந்த இரண்டு பேர் நான் கத்தியதில் செருப்பைக் கழற்றியபடி வாசலிலேயே நின்றுவிட்டார்கள். நாலு நாள் இடதுதான் முந்தியது. அழுதுவிடுவாள் என்று பார்த்தேன், "நீ எனக்குக் காலா, மாமியாரா?" என்று காலைப் பிடித்துத் திட்டினாள்.

இரண்டாவது டெஸ்டுக்கு நான் கம்பி வேலிக்கு வெளியே நின்றேன். இருபது வயதுக்காரர்கள் காலை ஊன்றி ஊன்றிப் போன எட்டில் இவள் சரிந்து நிமிர்ந்து மறுபடி சரிந்தாள், கால் தரையைத் தொடவே இல்லை, என் வாய் மூடவில்லை. நிறுத்தச் சொல்லி விசில் ஊதினார்கள். நான் வலது காலைத் தரையில் மிதித்த மிதியில் செருப்பு வார் அறுந்துவிட்டது. வண்டி கோட்டின் மேல் நின்றது. ஆபீசர் தலை நிமிராமல் கையெழுத்துப் போட்டார். மீசையின் வண்டியில் என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பின்னால் உட்கார்ந்தால் சாலை தெரிவதில்லை மகளே, முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரிகிறது. என் ஸ்கூட்டரில் இத்தனை வருடம் அவள் பார்த்து வந்தது அதைத்தான்.

மாப்பிள்ளை வேலையை விடச் சொல்கிறார் என்று நீ எழுதியதற்கு, "அனுசரித்துப் போ" என்று போன மாதம் பதில் போட்டேன். அது கல்யாணமான வாரத்தில் பேசிய அதே ஆள் எழுதியது. வேலையை விடாதே. மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு, கோபம் வந்தால் என் மேல் வரட்டும். குழந்தைக்கு முத்தம், எல்லோரும் நோய் நொடி இல்லாமல் நூறு வயது இருங்கள். அம்மா காலை ஆறு மணிக்கே கிளம்பிவிடுகிறாள், பேசுவதானால் மதியத்துக்கு மேல் கூப்பிடு. போன மாதக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, போட்டாயிற்று என்று எனக்கு ஒரு வரி எழுது.

உன் அப்பா