பாலத்துக்கு ஒரு சாவு போஸ்டர்

பிப்ரவரி 12, திங்கள்

ஓடைக்கரைப் பலகையில் மறுபடியும் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பாலம் முடியும் தேதியை மட்டும் அழித்து எழுதுவது இது மூன்றாவது முறை. தண்ணீருக்குள் இரண்டு தூண்கள் மூன்று வருடமாக நிற்கின்றன. அடிக்கல் விழா அழைப்பிதழ் மூன்றும் என் அச்சுக்கடையில் அடித்தவைதான், மூன்றிலும் நகராட்சித் தலைவரின் அதே சிரிப்பு.

மகள் எகுவாவுக்கு ஐந்தாம் மாதம். ஜூனில் பிரசவம், ஜூனில்தான் வெள்ளமும். ஆஸ்பத்திரி அக்கரையில். போன ஜூனில் மீன் விற்கும் அபா இதே கரையில் மழையில் பெற்றாள். குழந்தை தங்கவில்லை. என் மகளுக்கும் அப்படி ஆனால் நான் என்ன செய்வேன்?

பிப்ரவரி 13

நகராட்சிக்குப் போனேன். எஞ்சினியர் ஜோஜோ அமிசா தலையைத் தூக்கவே இல்லை.

“ஃபைல் மேல போயிருக்கு, அராபா அக்கா.”

“எவ்வளவு மேல? மேகத்துக்கு மேலயா?”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 20

ஒரு பெரியவரின் சாவு போஸ்டரை வடிவமைத்துக்கொண்டிருந்தேன். படம், வயது, சடங்கை முன்னின்று நடத்தும் துக்கத் தலைவர் பெயர். எங்கள் ஊரில் துக்கத் தலைவர் என்று பெயர் ஏறிவிட்டால் எவனும் வராமல் தப்ப முடியாது.

அடித்துவிடலாமா?

பிப்ரவரி 22

அடித்துவிட்டேன். தூண்கள் இரண்டும் படத்தில். ‘அதிர்ச்சிச் செய்தி! மூன்று வயதில் மறைந்தது எங்கள் பாலம். துக்கத் தலைவர்: ஜோஜோ அமிசா. சடங்கு மார்ச் 2, ஓடைக்கரை. கறுப்பு, சிவப்புத் துக்க உடையில் வரவும்.’

“அம்மா, கடையைப் பூட்டிடுவாங்க” என்றாள் எகுவா. எனக்கும் பயம்தான். பசை வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

பிப்ரவரி 27

ஜோஜோ போன் செய்தான். “என் பேரை எடுத்துடுங்கக்கா, ரோட்டுல நடக்க முடியல. போறவன் வர்றவனெல்லாம் துக்கம் விசாரிக்கிறான்.”

“சனிக்கிழமை வா, நேர்லயே விசாரிப்போம்.”

மார்ச் 2, சனி

சந்தைப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். நாற்காலி, பந்தல், மேளம். பாதியில் ஒரு வேன் வந்து நின்றது. கறுப்பும் சிவப்புமாகப் பதினைந்து பேர். முன்னால் ஒரு அம்மாள், கையில் மலர் வளையம், “ஐயோ, என் மகன் வீட்டுல யாரு போனது?” என்று அலறிக்கொண்டே.

ஜோஜோவின் அம்மா! யாரோ போனில் அனுப்பிய போஸ்டரில் மகன் பெயரை மட்டும் பார்த்துவிட்டு மூன்று மணி நேரம் அழுதுகொண்டே வந்திருக்கிறார். தூண்களைக் காட்டினேன். அபாவின் குழந்தையைப் பற்றியும் சொன்னேன்.

அந்த அம்மாள் மலர் வளையத்தைக் கரையில் வைத்தார். பிறகு நடு நாற்காலியில் உட்கார்ந்தார். “அவனைக் கூப்பிடு.”

ஜோஜோ ரப்பர் செருப்போடு ஓடி வந்தான்.

“பொணம் தண்ணியில நிக்குது. ஒண்ணு புதை, இல்ல எழுப்பு. அதுவரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்.”

“பணமெல்லாம் வந்தாச்சும்மா. தலைவர்தான் நல்ல நாள் பார்த்து இன்னொரு தடவை அடிக்கல் நாட்டணும்னு...”

கூட்டம் கொதித்தது. “இன்னொரு கல்லா?” என்று கத்தியது நான்தான் என்று நினைக்கிறேன்.

மார்ச் 5

ஜோஜோவின் அம்மா என் வீட்டில்தான் தங்கியிருக்கிறார். கறுப்பைக் கழற்றவில்லை. காலையில் நாற்காலியோடு ஓடைக்குப் போகிறார், போகிற வருகிற ஆளெல்லாம் நின்று துக்கம் கேட்கிறார்கள். நகராட்சித் தலைவரின் கார் இப்போது சுற்றுவழியில் போகிறது. நான் புளித்த சோளமாவில் அவிக்கும் கெங்கே உருண்டையில் புளிப்பே இல்லையாம், இரண்டு வேளையும் சொல்கிறார். அதையும் பொறுத்துக்கொள்கிறேன்.

மார்ச் 11

கலவை இயந்திரம் வந்துவிட்டது! அடிக்கல் இல்லை, ரிப்பன் இல்லை. ஜோஜோ முழங்கால் தண்ணீரில் நின்று வேலை வாங்குகிறான், கரையில் அவன் அம்மா.

மே 18

முடிந்தது. முதலில் அபா நடந்தாள், மீன் கூடையோடு. அக்கரையில் நின்று திரும்பிப் பார்த்து அழுதாள், நானும் அழுதேன். பிறகு இருட்டும் வரை ஆடினோம். ஜெயித்துவிட்டோம்!

ஜூன் 9

மூன்று நாளாக மழை. ஓடை கரையைத் தொட்டு ஓடுகிறது.

ஜூன் 14

காலை பத்து மணிக்கு எகுவாவுக்கு வலி. டாக்சியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “ஓடை வந்துடுச்சா, ஓடை வந்துடுச்சா” என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். டிரைவர் திரும்பிப் பார்த்தான். “அது எப்பவோ தாண்டியாச்சும்மா. இதோ ஆஸ்பத்திரி.”

பெண் குழந்தை. நல்ல எடை.

ஊர் திரும்பிவிட்ட ஜோஜோவின் அம்மாவுக்குப் போன் செய்தேன். பெயர் வைக்கும் நாளுக்கு, எங்கள் வழக்கப்படி, வெள்ளை உடை எடுத்து வைத்துவிட்டாராம், கெங்கே மட்டும் அவரே கொண்டு வருகிறாராம். அழைப்பிதழை இப்போதுதான் அடித்து முடித்தேன். தாய்மாமன் இடத்தில் ஜோஜோவின் பெயரைப் போட்டிருக்கிறேன், அவனைக் கேட்கவில்லை.