கதவைத் தட்டாத கரை

லாப்ரடார் வடகரை
ஜூன் 3

அன்புத் தங்கை செல்மாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகாவது என் விடுதிக்கு வர உன் வீட்டுக்காரர் ராண்டலுக்கு மனசு வந்ததே, சந்தோஷம். ஆகஸ்டில் கடலில் பனிக்கட்டி இருக்காது. திமிங்கிலம் பார்க்கலாம், உனக்காக மீன் புகைபோட்டு வைக்கிறேன்.

ஆனால் அறைக்கு உள்தாழ்ப்பாள் உண்டா என்று கேட்டிருக்கிறாயே, ஹாலிஃபாக்ஸ் போனதும் பிறந்த ஊர் மறந்துவிட்டதா? உன் அத்தான் அமோஸிடம் சொன்னேன். "கரடி துரத்தினா எந்தக் கதவு கிட்ட இருக்கோ அதுக்குள்ள பூரணும். தாழ்ப்பாள் போட்டு வெச்சா கரடி வயித்துக்குள்ளதான் பூரணும்" என்கிறார். இங்கே பூட்டுகிறவரும் இல்லை, தட்டிவிட்டு நுழைகிறவரும் இல்லை. தட்டினால் வெளியூர்க்காரன் என்று அர்த்தம்.

உன் அக்கா,
ரோடா

ஹாலிஃபாக்ஸ்
ஜூன் 15

அன்புள்ள அக்கா,

அத்தானைக் கேட்டதாகச் சொல். இனி ஃபோனில் எதுவும் அனுப்பாதே, ராண்டல் எடுத்துப் பார்க்கிறார். நான் வேலை செய்யும் நூலகத்துக்கே கடிதம் போடு.

பயணத்தை அவரேதான் பார்த்துப் பார்த்துத் திட்டமிடுகிறார். மற்ற அறைகளுக்கெல்லாம் தள்ளி முனையில் இருக்கும் குடில்தான் வேண்டுமாம். அத்தான் துப்பாக்கியோடு கரடிக் காவலுக்கு வர வேண்டாமாம். சின்னப் படகில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் எதிரில் இருக்கும் தீவுக்குத் துடுப்புப் போட்டுப் போக வேண்டுமாம். "உனக்கு நீச்சல் தெரியாதில்ல, என்னை நம்பித்தான் உக்காரணும்" என்று சிரித்தார். இப்போதெல்லாம் அவர் கை ஓங்குவதே இல்லை, அக்கா. அதுதான் பயமாக இருக்கிறது.

தாழ்ப்பாளைக் கரடிக்காகக் கேட்கவில்லை.

செல்மா

வடகரை
ஜூன் 28

செல்மா,

கிண்டல் செய்த என் வாயைத் தைக்க வேண்டும். எத்தனை காலமாக இது? வரவே வேண்டாம். போலீஸில் சொல், வேறு எங்காவது போய்விடு.

ரோடா

ஹாலிஃபாக்ஸ்
ஜூலை 9

அக்கா,

எங்கே போவேன்? எனக்கென்று இருப்பது நீ ஒருத்திதான், அங்கேதான் அவரே கூட்டிவருகிறார். வரவில்லை என்றால் ஏன் என்று கேட்பார். அதற்கு நான் என்ன சொல்ல? டிக்கெட் வாங்கிவிட்டார். தினமும் வரைபடத்தை விரித்து அந்தத் தீவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

செல்மா

வடகரை
ஜூலை 20

என் கண்ணே செல்மா,

கவனமாகப் படி, படித்ததும் கிழித்துவிடு. கூஸ் பே விமான நிலையம் வரை அவரோடு வா. அங்கிருந்து எங்கள் விடுதிக்கு வரும் சின்ன விமானத்தில் யாருக்கு இடம் என்பதை முடிவு செய்வது நான்தான். எடை கூடிவிட்டது என்று விமானி உன்னை மட்டும் முதலில் ஏற்றுவான். அவன் அமோஸின் அக்கா மகன், விஷயம் தெரியும். பெட்டிகளை அவர் காலடியிலேயே விட்டுவிட்டு ஏறு. திரும்பிப் பார்க்காதே.

அவர் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும்போது இங்கே மூடுபனி இறங்கிவிடும். இறங்காவிட்டாலும் இறங்கியதாக ரேடியோவில் சொல்வேன். விமானிகளுக்கு இங்கிருந்து வானிலை சொல்வது நான்தான், பனியைப் பற்றி என் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. நம்மூர் போலீஸிடம் பேசிவிட்டேன், மீதியை நீ வந்து உன் வாயால் சொல்ல வேண்டும்.

அவர் கப்பல் பிடித்து வந்தாலும் வரலாம், எனக்கும் பயம்தான். அதனால் என் அறைக்கு அடுத்த அறையில் அமோஸ் தாழ்ப்பாள் அடித்துவிட்டார். இந்தக் கரையிலேயே முதல் தாழ்ப்பாள். "கரடி வந்தா ஜனங்க அடுத்த வீட்டுக்கு ஓடட்டும்" என்கிறார்.

நம் ஆட்கள் வாசலில் நின்று உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். யாராவது தட்டினால் மட்டும் திறக்காதே.

உன் அக்கா,
ரோடா