அம்மா மூச்சு வாங்கும் நேரம்

உன் பழைய மைக்கை உன் அம்மா துண்டில் சுற்றிக் கொடுத்தார். ஜெராம் கடலோரத்தில் உங்கள் வீட்டுக்குள் எப்போதும் இருக்கும் கருவாட்டு வாசம் அதன் பஞ்சிலும் ஏறியிருக்கிறது. மேசையில் வைத்ததும் நீயே வந்து உட்கார்ந்தது போல் ஆகிவிட்டது. எரிச்சலும் வந்தது. இப்படி ஒரு வேலையை என் தலையில் கட்டிவிட்டா போவாய்?

குடியிருந்த எஸ்டேட் விற்கப்பட்டு எல்லாரும் வெளியேறிய பிறகும் உங்கள் சபையார் அந்தப் பழைய, இழுத்து இழுத்துப் பாடும் ராகத்தில்தான் பாடினார்கள். முன்னால் நின்று பாடும் உன் அம்மா மூச்சு வாங்கினால்தான் அடுத்த வரி. சுவரில் பாட்டு வரிகளைக் காட்டும் மென்பொருள்கள் எல்லாம் அவர்களை முந்திக்கொண்டு ஓடின. அதனால் நீயே ஒன்று எழுதினாய். அது மைக் வழியாகக் கேட்டு, பாட்டு நிற்கும் இடத்தில் மட்டும் வரியை மாற்றும். யாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று திறமூலமாகப் பொதுவில் வைத்தாய்.

நான் கோவிலுக்குப் போகிறவன். உனக்காகச் சபையில் பின்வரிசையில் உட்கார்ந்து கோளாறு பார்த்தேன். "அம்மா பாடுறத ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கலாம்டா, டெஸ்ட் பண்ண வசதியா இருக்கும்" என்றேன். "வேணாம் லா. ஆண்டவர்கிட்ட பேசுறதப் புடிச்சு வெக்கக்கூடாது" என்றாய். பெரிய ஞானி.

ஒலியைப் பிடித்துத் தர நீ நம்பியிருந்த நிரல் லைப்ரரியை அதை எழுதியவர்களே கைவிட்டுவிட்டார்கள். புதுக் கணினிகளில் அது ஏறுவதில்லை. ரவாங் கோவில் பஜனைக் குழுவிலிருந்து முகம் தெரியாத ஊர்ச் சபைகள் வரை என்னைத்தான் கேட்கிறார்கள். வேறு லைப்ரரிக்கு மாற்றினேன். ஓர் எண்ணைத் தவிர எல்லாம் சரியாக வந்தது. எவ்வளவு நேரம் குரல் அடங்கினால் வரி மாற வேண்டும் என்ற எண் அது. பக்கத்தில் நீ எழுதியிருக்கிறாய்: "அம்மா மூச்சு வாங்குற நேரம். தொடாதடா."

புதியது ஒலியை வேறு விதமாக அளக்கிறது. உன் எண் அதில் பொருந்தவில்லை. குத்துமதிப்பாக ஒன்றைப் போட்டு அனுப்பினேன். பஜனைக் குழு அண்ணன் போன் பண்ணினார். "தம்பி, பாதி வரியிலயே மாறிடுது லா. சாமியே கொழம்பிருவாரு."

உன் அம்மா பாடுவதைக் கேட்டுத்தான் புதிதாக அளக்க வேண்டும்; பதிவும் இல்லை, வேறு வழியில்லை. அவரிடம் போனேன். "ஒரே ஒரு பாட்டும்மா" என்றேன். உன்னை அடக்கம் செய்த நாளிலிருந்து அவர் சபையிலும் பாடுவதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. வெகுநேரம் உள்ளே இருந்துவிட்டு மைக்கோடு வந்தார்.

"வாயத் தொறந்தா அழுகதான்பா வருது. இத வேணும்னா எடுத்துட்டுப் போ."

நான் என்ன செய்வேன், சொல். அழுகிறவரைப் பாடு என்று நெருக்கவா? கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான் எழுதுகிறேன்: வேலை முடிந்துவிட்டது, ஒரு சோதனை மட்டும் பாக்கி. எப்போது முடியும் என்று திரும்பக் கேட்கிறார்கள். உன் அம்மா பாடும்போது என்று அவர்களுக்கு எப்படி எழுதுவேன்?