மந்தைவெளி வீட்டுப் பால்கனிக் கம்பி

ஜனவரி 19, திங்கள்

காலையில் லேசான பனி. ஸ்கூட்டி நாலு உதைக்குப் பிறகுதான் கிளம்பியது.

இன்று காட்டிய வீடுகள்:
ராஜா அண்ணாமலைபுரம், இரண்டு பெட்ரூம் — வாசல் தெற்கு பார்க்கிறதாம். ஓடிவிட்டார்கள்.
ஆழ்வார்பேட்டை, மாடி — மருமகளுக்குப் பிடித்துவிட்டது, மாமியாருக்குப் பிடிக்கவில்லை. ஆக, இல்லை.
அடையாறு — சாவி கொண்டுவர வேண்டிய மகராசன் வரவே இல்லை. முக்கால் மணி நேரம் தெருவில். வந்த கோபத்துக்குப் பூட்டைக் கடித்தே திறந்திருப்பேன்.

மூன்று மணிக்கு நூர்ஜஹான் போன். அக்டோபரில் மந்தைவெளியில் முதல் மாடி வீடு பிடித்துக் கொடுத்தேனே, அந்தப் பெண். அழுகையில் பாதி புரியவில்லை. "அக்கா, அவரு வுயுந்துட்டாருக்கா! பால்கனி கம்பி பேத்துக்கினு வந்துட்ச்சு!"

ஈரத்துணி காயப்போடப் போன அவள் கணவர் இக்பால், கம்பியோடு கீழே. உயிருக்கு ஆபத்தில்லை. குதிகால் நொறுங்கிவிட்டது, இடுப்பெலும்பில் விரிசல். தி. நகர் தையல் கடையில் கட்டிங் மாஸ்டர். நாள் முழுக்க நின்றே பார்க்கிற வேலை.

கம்பி ஆடும் என்று எனக்குத் தெரியும்.

ஜனவரி 20

சமையல் இல்லை. நேற்றைய சாம்பார். எழுதியாவது தொலைக்கிறேன்.

அந்த வீட்டு ஓனர் ராகவன் சார் அக்டோபரிலேயே எனக்குப் போனில் சொன்னார். லஸ் சிக்னல், ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு நிற்கிறேன். "கல்பனா, பால்கனிக் கம்பி ஆடறதும்மா. தீபாவளி கழிச்சு வெல்டர் வரேன்னிருக்கான். அதுவரைக்கும் யாரும் சாய வேண்டாம்னு அவாகிட்ட மறக்காம சொல்லிடு." சரி சார் என்றேன். பச்சை விழுந்தது, கிளம்பிவிட்டேன்.

சொல்லவில்லை. வெல்டரும் வரவில்லை.

நூர்ஜஹானுக்கு அதற்கு முன் ஆறு வீடு. பெயரைக் கேட்டதுமே ஆறு ஓனர்களுக்கும் திடீரென்று ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். சார் ஒருத்தர்தான் "நல்ல மனுஷாளா? அது போறும்" என்றார். ஏழாவதும் கை நழுவிவிடுமோ என்று பயம். அதனால் என் பழைய வித்தை: எங்கே குறையோ அங்கே போய் நான் நிற்பது. ஈரம் பூத்த சுவர் என்றால் முதுகைக் கொடுத்துச் சாய்ந்துகொள்வேன். வீடு காட்டிய அன்று பால்கனி வாசலை அடைத்துக்கொண்டு நின்று சமையலறை அலமாரியைப் புகழ்ந்தேன்.

குடிவந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்புறம் மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்று எழுதுவதும் பாதிப் பொய்தான்.

ஜனவரி 22

ஆஸ்பத்திரி. ஆரஞ்சு, பிரெட், ஹார்லிக்ஸ். இக்பால் காலில் மலை மாதிரி கட்டு. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார், பாவம்.

நூர்ஜஹானின் அண்ணன் வக்கீலைப் பார்க்கப் போயிருக்கிறாராம். "ஓனருக்குத் தெரியாம இருக்குமாக்கா? சொந்த வூடு. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? உனக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லாமயா இருந்திருப்ப?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். வெட்கம்.

ஜனவரி 31

பால் திரிந்தது. கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும்.

சாருக்கு வக்கீல் நோட்டீஸ். கையில் எடுத்துக்கொண்டு மயிலாப்பூரிலிருந்து ஆட்டோ பிடித்து என் வீட்டுக்கே வந்துவிட்டார். எழுபத்து நாலு வயது. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"ஒன்கிட்ட சொன்னேன்னு லாயர்ட்ட சொல்லிட்டேம்மா. ஆனா சொன்னேனா, சொல்லணும்னு நெனச்சேனா? எனக்கே கொழப்பமா இருக்கு. ஆத்துல அவ இருந்தவரைக்கும் எல்லாத்தையும் அவதான் ஞாபகம் வச்சுண்டிருந்தா. இப்ப அடுப்ப அணைச்சேனான்னு மூணு தடவ எழுந்து பார்க்கறேன். நீதான் சொல்லணும். நான் சொன்னேனா?"

"யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றேன்.

என்ன யோசனை வேண்டிக் கிடக்கிறது? படுபாவி நான்.

பிப்ரவரி 1

டீக்கடையில் தாஸ். பதினைந்து வருடமாக மந்தைவெளியில் வீட்டு புரோக்கர். "இன்னா கல்பனா, மூஞ்சி தொங்கிக்கினு கீது?" சொன்னேன். "எழுதியா குடுத்தாரு? வாயால சொன்னதுதானே? அவருக்கே டவுட்டு. காதுலயே வுயலன்னு சொல்ட்டு போய்க்கினே இரு. நீ வூடு காட்றவ, அவ்ளோதான்."

பிறகு ஒரு வக்கீலம்மாவுக்குப் போன். போன வருடம் அவருக்கு நான்தான் வீடு பார்த்துக் கொடுத்தேன். யாருக்கோ கேட்கிற மாதிரி கேட்டேன். ரிப்பேர் செய்யாதது ஓனர் பொறுப்பு, அது மாறாதாம். ஆனால் ஆபத்து என்று சொல்லியும் புரோக்கர் மறைத்திருந்தால் புரோக்கரும் பதில் சொல்ல வேண்டுமாம். ஓனர் சொன்னார் என்று உறுதியானால் அவர் பங்கு குறையும், மறைத்தவர் பங்கு ஏறும்.

"யாருக்கோ கேக்கறேன் மேடம்."

"யாருக்கோதான்" என்றார்.

பிப்ரவரி 3

சாருக்குப் போன் செய்துவிட்டேன். லஸ் சிக்னல், ஹெல்மெட், வெல்டர், எல்லாவற்றையும் அவர் சொன்ன வார்த்தையிலேயே சொன்னேன். "நீங்க சொன்னீங்க சார். நான்தான் அவங்ககிட்ட சொல்லல."

ஒரு பெருமூச்சு விட்டார். "அப்பாடா. அப்ப என் புத்தி பிசகல."

கேஸைப் பற்றிக் கேட்கவே இல்லை. வெல்டரைத் துரத்திப் பிடிக்காதது தன் தப்பு என்றார், போனை வைத்துவிட்டார். நான் உட்கார்ந்து அழுதேன். பால்காரர் வந்து என்னம்மா என்றார். வெங்காயம் என்றேன்.

பிப்ரவரி 4

ஈக்காட்டுத்தாங்கல். மாடி ஏற முடியாது என்பதால் இக்பாலை நூர்ஜஹானின் அண்ணன் வீட்டில் வைத்திருக்கிறார்கள். கீழ் வீடு. பக்கத்துப் பட்டறையில் ஓயாத கிரைண்டிங் சத்தம். அது நிற்கட்டும் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. சத்தத்தோடேயே சொன்னேன். சார் என்னிடம் சொன்னது, நான் சொல்லாதது, வீடு கை நழுவிவிடும் என்று பயந்தது.

நூர்ஜஹான் என்னைப் பார்க்கவில்லை. இக்பால்தான் பேசினார்.

"ஆறு வூட்ல இல்லன்ட்டாங்கக்கா. கம்பி ஆடுதுன்னு நீ சொல்லியிருந்தா, வூடு வேணாம்னா சொல்லியிருப்போம்? சாயாம இருந்திருப்போம், அவ்ளோதானே?"



நூர்ஜஹான் உள்ளே போய் டீ கொண்டுவந்தாள். டம்ளரை என் முன்னால் வைத்தாள்.

"இத அப்டியே எங்க வக்கீல்கிட்ட வந்து சொல்லு. உம்மேலயும் கேஸ் போடுவோம்க்கா. கோச்சிக்காத."

"போடும்மா" என்றேன்.