அடுப்புக்கு மேலே ஒரு வசனம்

பலகையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டு போனால் இன்னும் நெத்திலி வறுத்த வாடை அடிக்கிறது, அக்கா. மகள் ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. நம் சமையற்கட்டின் எண்ணெய்ப் புகை மரத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது போலிருக்கிறது.

ஆமாம், நம் பலகைதான். ஓரமெல்லாம் பச்சைக் கொடி ஓடும், நடுவில் சிவப்பு எழுத்து. இப்போது ஈப்போவில், புந்தோங்கில், என் மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் கிடக்கிறது. அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நானே எழுதுகிறேன். யாரிடமும் சொல்லி எழுதி வாங்கவில்லை. இந்தப் பக்கம் முடியவே ஒரு காலைப்பொழுது ஆகிவிடும், பரவாயில்லை. எழுத்து ஒவ்வொன்றும் வந்து விழும்போது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. எழுபது வயதைத் தாண்டியவன் பிள்ளை மாதிரி நாக்கைத் துருத்திக்கொண்டு எழுதுகிறான் என்று மகள் கேலி செய்கிறாள்.

பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துவிட்டது, அக்கா. நம் பந்தயம் முடிந்துவிட்டது. சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள். நீங்கள் உயிரோடு இருந்திருந்தாலும் இப்படித்தான் இழுத்தடித்திருப்பேன். நீங்கள் கரண்டியைத் தூக்கிக்கொண்டு துரத்திய பிறகுதான் சொல்லியிருப்பேன்.

நாம் பங்கோர் தீவுக்கு வேலைக்குப் போன காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். நீங்கள் ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தவர். நான் சுங்காய் பக்கம். நாம் வேலை பார்த்த இரண்டு தோட்டங்களையும் விற்று, ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். பால் வெட்டத் தெரிந்த கைக்கு வேறு வேலை இல்லை. தீவில் தொழிற்பயிற்சி நிலையம் திறந்தார்கள். இடமும் ஆசிரியர்களும் அரசாங்கம் கொடுப்பது. இயந்திரங்களும், படிப்பு முடிந்தபின் வேலையும் ஓட்டல்காரர்களும் படகுப் பட்டறைக்காரர்களும் கொடுப்பது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பிள்ளைகளுக்குப் படகு இன்ஜின் பழுது பார்க்கவும், வெல்டிங் செய்யவும், ஓட்டல் வேலை பார்க்கவும் கற்றுக்கொடுத்தார்கள். நீங்கள் விடுதிச் சமையல்காரி. நான் உங்களுக்குக் கையாள். தேங்காய் துருவுவதிலிருந்து படகுத்துறையில் மூட்டை தூக்குவது வரை.

முதல் கூட்டம் வந்து இறங்கியதை மறக்க முடியாது. தோட்டத்துப் பிள்ளைகள் கடலை அதற்குமுன் பார்த்ததில்லை. லூமுட் துறையில் படகேறியதிலிருந்து வாந்தி. ஒரு பையன் துறைப் பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உங்களைக் கேட்டான்.

"ஆண்ட்டி, இந்தக் கடலு எப்ப நிக்கும்?"

"நாங்க வந்து மூணு மாசமாச்சு லா. எங்களுக்காக நிக்கல. நீ கேட்டுப் பாரு."

வாந்தி எடுத்துக்கொண்டே அவன் சிரித்தான்.

அன்று மாலையே நிலையத்தின் அதிகாரி, அந்த மலாய்த் துவான், நம் இருவரையும் கூப்பிட்டு மலாயில் சொன்னார். வேறு இடத்தில் இப்படித் தொடங்கிய நிலையத்தில் பாதிப் பிள்ளைகள் ஓடிப் போய்விட்டார்களாம். இங்கேயும் ஓடினால் ஓட்டல்காரர்கள் விலகிக்கொள்வார்கள், அரசாங்கமும் மூடிவிடும், அப்புறம் அடுத்த கூட்டம் கிடையாது என்றார். எனக்கு என் வேலை போய்விடுமே என்ற பயம்தான் வந்தது. நீங்கள் வெளியே வந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னீர்கள்.

"ஒரு புள்ள கூட திரும்பிப் போவக் கூடாது தம்பி. ஒண்ணு கூட."

சரசுவை நினைவிருக்கிறதா? சுங்காய்ப் பெண். வந்த வாரமே பையைத் தூக்கிக்கொண்டு துறைக்கு ஓடிவிட்டாள். நான் பின்னால் ஓடினேன். திரும்பிப் பார்த்தால் நீங்களும் ஒரு பையோடு வருகிறீர்கள். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தீர்கள்.

"எங்க ஆண்ட்டி போறீங்க?"

"நீ எங்க போற?"

"வீட்டுக்கு."

"நானும்தான். எனக்கும் இங்க புடிக்கல. நாத்தம். ஒரே மீனு. வா, ஒண்ணா போலாம்." படகு வரும் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயையோ, அடுப்புல பருப்பு கெடக்கு. தனியா எறக்க முடியாது, பெரிய அண்டா. வாம்மா, ஒரு கை புடி. எறக்கி வச்சிட்டுப் போலாம்" என்றீர்கள்.

அவள் வந்து பிடித்தாள். பருப்பை இறக்கினால் சோறு வடிக்க வேண்டும். சோறு வடித்தால் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். அவள் அன்று போகவில்லை. என்றைக்குமே போகவில்லை. உங்கள் பைக்குள் இரண்டு தேங்காய் மட்டும்தான் இருந்தது என்பது எனக்குத் தெரியும்.

ஏன் இப்படிப் பிள்ளைகளைப் பிடித்துத் தொங்குகிறீர்கள் என்று நான் கேட்டதே இல்லை. நீங்களாகத்தான் ஒரு மத்தியானம் மீன் செதில் உரசிக்கொண்டே உங்கள் மகனைப் பற்றிச் சொன்னீர்கள். தோட்டம் மூடியபின் ஈப்போ பக்கம் வந்து, வேலை கிடைக்காமல், கெட்ட சேர்க்கையில் விழுந்தவன்.

"தோட்டத்த மூடுனப்ப தொரை கை களுவிட்டுப் போனாரு. அப்பறம் கணக்கு எளுதுற கிராணி. அப்பறம் ஓட்டுக் கேக்க வந்தவங்க. கடசியா அவனுக்கு இருந்தது நான்தான் தம்பி. அவன் பண்றது தாங்காம, போடா, இனிமே நீ எனக்குப் புள்ள இல்லேன்னு நானும் ஒரு நாளு கை களுவி விட்டுட்டேன்."

அப்புறம் அவனைப் பிணமாகத்தான் பார்த்தீர்கள். செதில் ஒட்டிய கையோடேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தீர்கள்.

அந்த முதல் கூட்டத்தில் ஒருவர்கூட ஓடவில்லை. எல்லோரும் சான்றிதழ் வாங்கினார்கள். கிளம்புகிற நாளில் வெல்டிங் பையன்கள் இந்தப் பலகையைக் கொண்டுவந்து, "ஆண்ட்டி, இத மாட்டணும்" என்று நீட்டினார்கள். நீங்கள் புடவையில் கையைத் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டீர்கள். அழுதுவிட்டீர்கள். பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். இன்னொருவன் அவன் காலை மிதித்தான். அதையெல்லாம் நான் பார்த்தேன், அர்த்தம்தான் புரியவில்லை.

அடுப்புக்கு மேலே, உங்கள் இயேசு படத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னீர்கள். நான்தான் ஆணி அடித்தேன்.

"என்னா எழுதியிருக்குக்கா?"

"பாத்தா தெரியல? வசனம் லா. எங்க வேதத்துல உள்ள வசனம்."

"உங்களுக்குப் படிக்கத் தெரியாதே."

"உனக்கு மட்டும் தெரியுமா?"

நான் அது உங்கள் பெயர் என்றேன். பெயரைப் போட்டு, நல்லாயிருக்கணும் என்று எழுதியிருப்பார்கள் என்றேன். அங்கேதான் பந்தயம் பிறந்தது. யார் முதலில் படிக்கக் கற்றுக்கொள்கிறோமோ அவர் மற்றவருக்குப் படித்துச் சொல்ல வேண்டும். யார் சொன்னது தப்போ அவர் ஒரு மாதம் வெங்காயம் உரிக்க வேண்டும். வேறு யாரிடமும் கேட்கக் கூடாது என்பதையும் நீங்கள்தான் சேர்த்தீர்கள். கேட்டால் சுவை போய்விடும் என்றீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை அதன்முன் மெழுகுவர்த்தி ஏற்றுவீர்கள். வெள்ளிக்கிழமை நான் ஒரு செம்பருத்தி செருகுவேன். எந்தச் சாமி என்று நாம் சண்டை போட்டதில்லை. ஒவ்வொரு புதுக் கூட்டம் வரும்போதும் ஓர் அதிசயம் நடக்கும். பிள்ளைகள் சமையற்கட்டுக்குள் கால் வைப்பார்கள், பலகையைப் பார்ப்பார்கள், ஒன்றும் பேசாமல் திரும்பி வெளியே போவார்கள். சற்று நேரம் கழித்து வருவார்கள்.

"பாத்தியா தம்பி? வசனத்தப் படிச்ச ஒடனே வெளிய போயி ஜெபம் பண்ணிட்டு வருதுங்க. நல்ல புள்ளைங்க."

எனக்கும் மெய் சிலிர்க்கும்.

பிறகு உங்களுக்கு உடம்பு முடியாமல் போனது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கூட, "படிச்சிட்டியா லா?" என்றுதான் கேட்டீர்கள். இன்னும் இல்லை என்றேன். "அப்ப வெங்காயத்துக்குத் தப்பிச்ச" என்றீர்கள். அதற்கப்புறம் நீங்கள் என்னோடு பேசியதில்லை.

அடக்கத்துக்குப் பிள்ளைகள் வேலைச் சட்டையோடு வந்து நின்றார்கள். ஓட்டல் பெயர் போட்டது, படகுப் பட்டறையின் எண்ணெய்க் கறை படிந்தது, எல்லாம். பெட்டியைத் தூக்கத் தோள் அதிகமாகிவிட்டது. யார் தூக்குவது என்று அவர்களுக்குள் வாக்குவாதம்.

இதற்கு மேல் எழுதுவதற்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. நான் ஈப்போவுக்கு வந்தபின், மாதாமாதம் பஸ் ஏறி ஆயர் தாவார் கல்லறைத் தோட்டத்துக்கு வருவேன். அரளி மரத்தடிதான் அடையாளம். சிலுவை போட்ட கல் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, ஊர்க்கதையெல்லாம் உங்களிடம் சொல்வேன். ஒரு நாள் ஒரு பெண் பூவோடு வந்து பின்னால் நின்றாள்.

"தாத்தா, நீங்க எங்க மாமாவுக்கு என்னா வேணும்?"

"மாமாவா? இது எங்க அக்கா."

"இல்ல தாத்தா. பேரு போட்டிருக்கே."

ஒரு வருடமாக யாரோ ஒரு மனிதரிடம் உங்களைப் பற்றியே புகார் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்தப் பெண் உங்கள் பெயரைக் கேட்டு, கல் கல்லாகப் படித்து, என்னைக் கூட்டிக்கொண்டு போய் விட்டாள். நாலு கல் தள்ளி, அதே வரிசையில் இருந்தீர்கள். உங்கள் கல்லில் மெழுகு ஒட்டியிருக்கவே இல்லை. துடைத்து வைத்தது போலச் சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் நான் உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த வாரமே புந்தோங் மண்டபத்தில் நடக்கும் பெரியவர்கள் வகுப்பில் சேர்ந்தேன். அ, ஆவிலிருந்து. முதலில் எழுதக் கற்றது என் பெயர் இல்லை, உங்கள் பெயர். பஸ்ஸேறி வந்து கல்லில் விரலை வைத்து எழுத்துக்கூட்டினேன். அத்தனை வருடம் கூடவே இருந்தும், உங்கள் பெயர் எப்படி இருக்கும் என்று அன்றுதான் பார்த்தேன். அழகாக இருக்கிறது, அக்கா.

போன வாரம் சரசு போன் செய்தாள். அவள் இப்போது அதே நிலையத்தில் சமையல் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியை. "அங்கிள், பழைய சமையற்கட்ட இடிக்கப் போறாங்க. புதுசு கட்டிட்டாங்க. ஏதாச்சும் வேணுமா?" என்றாள். நான் உடனே கிளம்பிவிட்டேன்.

பலகை அதே ஆணியில் இருந்தது. சரசு கழற்றப் போனாள்.

"இரு. மொதல்ல படிக்கிறேன்."

இரண்டு வரி. சத்தமாக எழுத்துக்கூட்டினேன். கை. அடுத்த எழுத்து க. அதற்கடுத்த ழுவில்தான் தடுமாறினேன். நாம் வாயில் களுவி என்றுதானே சொல்வோம். க, ழு, வி. கழுவி. அப்புறம் விட்டு.

கை கழுவி விட்டு.

முதல் வரி அவ்வளவுதான். செதில் ஒட்டிய உங்கள் கை கண் முன்னால் வந்தது. இந்த வார்த்தைக்கு முன்னாலா இத்தனை வருடம் மெழுகுவர்த்தி ஏற்றினீர்கள்? யார் இப்படி எழுதிக் கொடுத்தது என்று கோபம்கூட வந்தது. என் கண் இரண்டாம் வரிக்கு இறங்க நேரம் பிடித்தது.

உள்ளே வரவும்.

திரும்பிப் பார்த்தால் சரசு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள்.

"சுகாதார இலாகாவுலேருந்து வந்து மூணு மொழியிலயும் எழுதி மாட்டச் சொன்னாங்க அங்கிள். மலாய் போர்டையும் சீனத்தையும் குழாய்கிட்ட மாட்டிட்டோம். தமிழு போர்ட ஆண்ட்டி கட்டிப் புடிச்சி அழுதுட்டாங்க. அப்பறம் எப்படிச் சொல்றது? ஒவ்வொரு பேட்சும் அடுத்த பேட்ச மெரட்டி வச்சோம். ஆண்ட்டிகிட்ட சொன்னா ஒத விழும்னு."

அப்படியானால் ஜெபம்? பிள்ளைகள் வெளியே போனது ஜெபம் செய்ய இல்லை. குழாயடிக்கு. கை கழுவ. கை கழுவும் பலகைக்கு நான் செம்பருத்தி வைத்திருக்கிறேன். சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். வயிறு வலித்தது. உட்கார்ந்தபடியே அடுப்புப் பக்கம் திரும்பி, "அக்கா, கேட்டீங்களா?" என்றேன். வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

சரசுவின் சிரிப்பு நின்றுவிட்டது. அடுப்பில் சாம்பல்கூட இல்லை. இதைக் கேட்டு என்னைவிடப் பெரிதாகச் சிரிக்கக்கூடியவர் உலகத்தில் ஒருவர்தான், அவர் அங்கே இல்லை. படிக்கக் கற்றுக்கொண்டதற்காக அன்றுதான் முதல்முதலாக வருத்தப்பட்டேன்.

படகில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பப் படித்தேன். நான் மெதுவாகப் படிக்கிறவன். ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்குப் போக எனக்கு நேரமாகும். அந்த இடைவெளியில் உங்கள் பிள்ளைகள் நின்றார்கள். ஊரே கை கழுவி விட்ட பிள்ளைகள். அவர்களைப் பார்த்து நீங்கள் சொன்னதுதான் கீழ் வரி. உள்ளே வரவும். அவ்வளவு வருடமும் நீங்கள் வேறு எதையும் சொல்லவில்லையே.

நேற்று ஆணி வாங்கி வந்து, இந்த வீட்டு அடுப்புக்கு மேலே அளவு பார்த்தேன். மகள் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"அப்பா, இது கை களுவுற பேசின் பக்கத்துல மாட்ட வேண்டியது லா."

"இல்லம்மா. இது வசனம்."

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுச் சுத்தியலை எடுத்துக் கொடுத்தாள். கடிதம் முடிந்ததும் அடிக்கலாம் என்று மேசையிலேயே வைத்திருக்கிறேன்.

பந்தயத்தில் நீங்கள்தான் ஜெயித்தீர்கள், அக்கா. வெங்காயக் கூடையை என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன். ஒரு மாதம் என்றுதான் பேச்சு. கை ஓடுகிற வரைக்கும் உரிக்கிறேன்.