காஸ்பர் சார் தப்பாகப் பாடிய நாள்

அன்பு மகன் டெரிக்குக்கு,

மயிலாப்பூரிலிருந்து அம்மா எழுதுவது. மாதா கிருபையில் நான் சுகம். அந்தக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். வீடியோ காலில் உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய உன் சொற்பொழிவை ஃபோனில் கேட்டேன். மயில் தோகை விரிப்பதும் மனிதன் பாடுவதும் துணை தேடத்தான், கருணைகூட பிள்ளையைச் சுமந்த தாயிடமிருந்து பரவியதுதான் என்கிறாய். இருக்கட்டும் ராஜா. எனக்கு ஒரு சந்தேகம்.

அப்பாவின் வருட நினைவுப் பூசைக்கு உனக்கு லீவு கிடைக்கவில்லையே, அன்றைக்கு நடந்தது இது. பதிலுரைப் பாடலை நான்தான் பாடுவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். எடுத்த எடுப்பிலேயே சுருதியை மேலே கொண்டுபோய்விட்டேன். இரண்டாவது அடியில் குரல் உடைந்து, அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோயிலே என்னைப் பார்க்கிறது. அப்போது பாடகர் குழுவில் பின்னால் நின்ற காஸ்பர் சார், சம்பந்தமே இல்லாத சுருதியில் கணீரென்று குறுக்கே பாடினார். சைதாப்பேட்டை கணக்கு வாத்தியார், மனைவியை இழந்தவர், யார் சுருதி விலகினாலும் முறைப்பாரே, அவரேதான். எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. அதற்குள் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழ்ச்சுருதியில் பிடித்துக்கொண்டேன்.

பூசை முடிந்ததும் குழுவை நடத்தும் ஜூலியட், "இன்னா சார், மானத்த வாங்கிட்டீங்களே!" என்று எல்லோர் முன்னாலும் கத்தினாள். மனுஷர், "வயசாயிடுச்சும்மா" என்று தலையைச் சொறிந்தார். பிறகு நான் தனியாகக் கேட்டபோது, "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி, இல்ல?" என்றார்!

உன் மயில் தோகையை விரித்துக் காட்டும். இவர் எனக்காகத் தன் தோகையைத் தானே பிய்த்துக்கொண்டார். அதைப் பார்த்தா எனக்குப் பிடித்துப்போக வேண்டும்? பிடித்துப்போயிற்று, டெரிக். இந்த வயதில் பிள்ளை பெறவா போகிறேன்? இயற்கைக்கு இதில் என்ன லாபம், நீயே சொல்.

கல்யாணப் பேச்சை எடுத்ததும் நான்தான், அவரைத் திட்டாதே. உன் சொற்பொழிவில் துணையைப் பெண்தான் தேர்ந்தெடுக்கிறாள் என்றாயே, அது மட்டும் ரொம்பச் சரி. அப்பாவை மறந்துவிட்டேன் என்றும் நினைக்காதே. காஸ்பர் நம் வீட்டுக்கு வந்தால் அப்பா படத்துக்கு முன்னால் நின்று சிலுவை போட்டுவிட்டுத்தான் உட்காருகிறார்.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு பூசையில் எங்கள் கல்யாண ஓலை வாசிக்கிறார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லவும் என்று கேட்பார்கள். ஊர் வாயைப் பற்றி எனக்குக் கவலையில்லை. பயமெல்லாம் உன்னை நினைத்துத்தான். உன் மனது நோகிறது என்றால் ஒரு வார்த்தை சொல், ஓலையை நிறுத்திவிடுகிறேன். சத்தியமாக.

வேளாவேளைக்குச் சாப்பிடு. காதை மூடிக்கொண்டு வெளியே போ. மாதா உன்னைக் கைவிடமாட்டாள்.

அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லிவிடாதேடா கண்ணா.

என்றும் உன் அம்மா,
ஐரின்